அப்படித்தான் நின்றார்கள்

போன மாதம் எங்கள் மாவட்டப் பத்திரிகையாளர் சங்கத்துப் பிள்ளைகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு சினிமா காட்டினார்கள். யுத்தப் படம். வெளிநாட்டில் எடுத்ததற்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். சண்டை போடுகிறவர்களின் கதை அல்ல. சண்டையைப் படம் பிடிக்கப் போகும் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் படுகிற பாட்டைச் சொல்லும் கதை. முடிந்து விளக்குப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் அந்தக் காலத்துல இப்படித்தானே சார் இருந்திருப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொன்னேன்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் கழுத்தில் மூன்று கேமரா தொங்குகிறது. மூன்றிலும் பிலிம் தீரவே தீராது. குண்டு வெடிக்கும் இடத்தை நோக்கி ஓடுகிறான். அவனுக்கு மட்டும் வெளிச்சம் எப்போதும் சரியாக விழுகிறது. எடுத்த பிலிமை யார் கழுவினார்கள், யார் பெட்டியில் போட்டு எந்த வண்டியில் ஏற்றினார்கள், படத்துக்குக் கீழே போகிற இரண்டு வரியை யார் எழுதினார்கள் என்று இரண்டரை மணி நேரத்தில் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. செத்துக் கிடக்கிறவனைப் படமெடுத்துவிட்டு வந்து விடுதியில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். குடித்துவிட்டு, தங்கள் மனசு எவ்வளவு பாரமாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லி அழுகிறார்கள். செத்தவனுக்குப் பெயர் கிடையாது. படமெடுத்தவனுக்குப் பெயர் உண்டு, காதலி உண்டு, சின்ன வயதில் அப்பா அடித்த கதைகூட உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் படத்திலேயே யோக்கியமான ஆள் அவர்களுக்கு ஜீப் ஓட்டிய டிரைவர்தான். அவன் ஒன்றும் பேசவில்லை.

இப்போது சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் என்னைக் 'கலவர காலத்தில் களத்தில் நின்றவர்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் களம் என்றால் நெல் அடிக்கிற இடம். நான் நின்றது அங்கேதான். அதிலும் வைக்கோல் தூசி மூக்கில் ஏறாத ஓரமாகப் பார்த்து நின்றேன்.

நான் தொழில் கற்றது கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில். நாலு வருடம். திருமண ஜோடி, பட்டம் வாங்கிய பையன், பிணத்தோடு குடும்பம், இவ்வளவுதான் உலகம். எங்கள் முதலாளிக்கு இரண்டு சட்டம் உண்டு. குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்பது ஒன்று. யாரும் சிரிக்கக் கூடாது என்பது இன்னொன்று. சிரித்தால் தலை ஆடும், படம் கலங்கும். பல் தெரிந்தால் பிரிண்டில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக விழும், உட்கார்ந்து பென்சிலால் திருத்த வேண்டும். ஆகவே, "சிரிக்காதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவோம். அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லாக்காரர்கள் எல்லாரும் ஏன் படத்தில் இழவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், காரணம் இதுதான்.

பிறகு சொந்தமாக ஒரு கேமரா வாங்கினேன். மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற இரட்டைக் கண் கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில், கேமரா வைத்திருக்கிறான் என்ற ஒரே தகுதிக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தரம் இல்லை, வேலை இருக்கும்போது கூப்பிடுவோம் என்றார்கள். வாரத்துக்கு ஒரு ரோல் கொடுப்பார்கள். அதில் மந்திரி வருகை, மாட்டுச் சந்தை, விபத்து எல்லாம் அடங்க வேண்டும்.

மந்திரி வருகையை எப்படி எடுப்போம் என்று சொல்கிறேன், கேளுங்கள். புது ஆட்சி வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாலை விழுகிற நேரத்தில் பிளாஷ் பல்பு வெடிக்காமல் போய்விடும். அதனால், "ஐயா, இன்னொரு தடவை" என்போம். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி, போட்டவரிடமே கொடுத்து, திரும்பப் போடச் சொல்லி எடுப்போம். மந்திரியும் முதல் தடவை கூச்சப்பட்ட மாதிரியே இரண்டாம் தடவையும் கூச்சப்படுவார். ஒரு மதகுத் திறப்பு விழாவில் தண்ணீரை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தார்கள். இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை, நானும்தான்.

பூம்புகாரில் ஒரு புயலுக்குப் போனேன். உடைந்த கட்டுமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவரையும் அவர் மனைவியையும் நிறுத்தினேன். அந்த அம்மாள் வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அழுவுற மாதிரி இருங்கம்மா, அப்பதான் நிவாரணம் வரும்" என்றேன். என் ஊக்கத்தைப் பாருங்கள். அந்த மீனவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அழுவுறதப் புடிக்கணும்னா நேத்தே வந்திருக்கணும் சார். இன்னைக்கு எங்களுக்கு மரத்தைச் சரிபண்ற வேல கெடக்கு." ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இதை ஒரு நகைச்சுவையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தஞ்சாவூர் அலுவலகத்தின் தலைமை சபாபதி சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். தேநீர் கொண்டுவருகிறவருக்கும் 'ங்க' உண்டு. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட, "நாளைலேருந்து நீங்க சிரமப்பட வேண்டாங்க" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. 'பார்ப்போமே' என்று அவர் சொன்னால் அந்தக் காரியம் இனி நடக்காது என்று பொருள். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் அத்தனை பேரை மிதித்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

படம் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஈரம் காயாத பிரிண்டை மேசையில் தலைகீழாக வைப்பார். "நேராப் பாத்தா கதை தெரியுங்க. தலைகீழாப் பாத்தாத்தான் எது கண்ணப் புடிக்குதுன்னு தெரியும்" என்பார். பிறகு சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போடுவார். கட்டத்துக்கு வெளியே இருப்பது இல்லாததாகிவிடும். படத்தின் பின்னால் நான் விவரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி மைதாப் பசையால் ஒட்டியிருப்பேன். அது ஒரு வரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வார்த்தையை அடிப்பார். எல்லாம் உறையில் போய், உறை சாயங்கால ரயிலில் திருச்சிக்குப் போகும். அங்கேதான் உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சடிப்பார்கள். பூதலூரில் ரயில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் அன்றைய படம் மறுநாளைக்குப் போய்விடும். யுத்தப் படத்தில் இப்படி ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றதா? நின்றிருந்தால் கதாநாயகனின் முகத்தை நான் பார்த்திருப்பேன்.

இனி அந்த ஒரு படத்துக்கு வருகிறேன். மலரின் அட்டையில் போடப்போவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தப் படம்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தை மாத அறுவடை. ஊர்த் தொழிலாளர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் முடியாது என்று சொல்லி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கியிருந்தார். 'ஏழை சிரிக்கும் காலம் வந்துவிட்டது' என்று ஆளுங்கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே மேடைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்ததும் மிராசுதார்தான். தாசில்தார் வந்து பேசுவார் என்று சொல்லி இரண்டு தரப்பையும் காக்க வைத்திருந்தார்கள்.

நான் காலை பஸ்ஸில் போய் இறங்கி, வாடகை சைக்கிளில் ஊருக்குப் போனேன். ரோலில் இரண்டே படம் மிச்சம். வயலில் வெளியூர் ஆட்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஊர்க்காரர்கள் பதினோரு பேர், ஆண்கள் ஏழு, பெண்கள் நாலு, வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவன் அரிவாளால் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தான். கலவரம் எங்கேயும் காணோம். ஆட்கள் உட்கார்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு போனால் சபாபதி சார் தலைகீழாக வைத்துப் பார்த்துவிட்டு, 'பார்ப்போமே' என்பார். எனக்கு அது தெரியும்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா. அரிவாளத் தூக்கிப் புடிங்க" என்றேன்.

நகம் சீவிக்கொண்டிருந்தவன் எழுந்தான். குட்டையான ஆள், அகலமான முகம். "எதுக்குங்கய்யா? நெல்லு கீழல்ல இருக்கு. அரிவாள மேல தூக்கச் சொல்றீங்க?" என்றான். பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"படத்துக்குப்பா. பேப்பர்ல வந்தாத்தான் ஒங்க ஞாயம் மந்திரிக்குத் தெரியும்."

நம்பினார்கள். எழுந்து நின்றார்கள். குட்டையானவனை முன்னால் இழுத்து நிறுத்தினேன். உயரமானவர்களைப் பின்னால் அனுப்பினேன். பெண்களை இடது ஓரத்தில் வைத்தேன். அரிவாள்கள் மேலே போயின. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை சொன்னேன், கேட்கவில்லை. இரண்டாம் தடவை அதட்டினேன்: "சிரிக்காதேப்பா. மூச்சைப் புடி." சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டான். முகம் விறைத்தது. பொத்தானை அழுத்தினேன். ஸ்டுடியோ முதலாளி பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். யாருடைய பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கருக்கரிவாள் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மிஷின் வந்த பிறகு பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளைந்த சின்ன அரிவாள். உள்விளிம்பில் ரம்பம் மாதிரிப் பொடிப் பல் இருக்கும். அதுதான் கருக்கு. நெல் தாளைப் பிடித்து அறுக்க உதவும். ஓங்கி வெட்ட வராது. வெட்டுகிற அரிவாள் வேறு ஜாதி. தஞ்சை ஜில்லாவில் பால்குடி மறந்த குழந்தைக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் பிலிமைக் கழுவிக்கொண்டிருந்தபோது நன்னிலத்திலிருந்து டிரங்கால் போட்டு போனில் சொன்னார்கள். நான் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் கைகலப்பு. மிராசுதாரின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தருக்குத் தோளில் வெட்டு. ஆழமான வெட்டு, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. யார் வெட்டியது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடிவிட்டார்கள்.

சபாபதி சார் பிரிண்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். நேராகத் திருப்பியும் பார்த்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அதிர்ஷ்டக்காரருங்க நீங்க" என்றார். சிவப்புப் பென்சிலை எடுத்து இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். நாலு பெண்களும் குழந்தையும் வெளியே போனார்கள். பின்னால் ஒட்டிய தாளில் நான் 'கூலி உயர்வு கோரிக் கருக்கரிவாளுடன் அறுவடைக்கு வந்த தொழிலாளர்கள்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'அரிவாளுடன் திரண்டு நிற்கும் கும்பல்' என்று எழுதினார்.

"சார், கருக்கரிவாள்னு இருக்கட்டும் சார். அது நெல்லறுக்கிறது" என்றேன்.

"வரி நெரம்பி வழியுதுங்க. இப்ப மூணு எழுத்து மிச்சம்."

"அர்த்தம் மாறுதே சார்."

"மெட்ராஸ்ல படிக்கிறவருக்குக் கருக்குன்னா என்னங்க தெரியும்? அரிவாள்னா தெரியும்." பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவருக்குப் பூதலூர் பக்கம் பன்னிரண்டு மா நெல் வயல் இருந்தது. கருக்கரிவாள் தெரியாதவர் இல்லை. நான் உறையை ஒட்டி ரயிலுக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு என்று பூதலூரில் வண்டி ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக நிற்கவில்லை.

படம் முதல் பக்கத்தில் வந்தது. கீழே என் பெயர். முதல் தடவையாக என் பெயர். பத்துப் பிரதி வாங்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போலீஸார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காரியஸ்தரிடம் அந்தப் பேப்பரைக் காட்டினார்கள். படத்தில் இருந்த ஏழு பேரும் வந்தார்கள் என்றார் அவர். முன்னால் நிற்கிறவன்தான் வெட்டினான் என்றார். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்து ஊரில் ஆளைப் பிடித்தார்கள். முன்னால் நின்றவன் பெயர் வைரக்கண்ணு என்பதை நான் குற்றப்பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 'கும்பலுக்குத் தலைமை தாங்கி' என்று அதில் எழுதியிருந்தது. உயரம் குறைவு என்று நான் முன்னால் இழுத்துவிட்டதற்குப் பெயர் தலைமை தாங்கியது.

என்னை அரசுத் தரப்புச் சாட்சியாகப் போட்டார்கள். சம்மன் வந்த மறுவாரம் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. வாசலுக்கு உள்ளே வராமல் நின்றாள்.

"நான் பாக்கியங்க. வைரக்கண்ணு சம்சாரம். வக்கீலய்யாதான் ஒங்க பேரச் சொன்னாரு."

எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அது அவளுக்குப் புரிந்தது. "நானும் அந்த வரிசையில நின்னேங்கய்யா. ஓரத்துல. பேப்பர்ல வெட்டிட்டாங்க. நல்லவேள வெட்டுனாங்க. இல்லாட்டி இவன யாரு பாத்துக்குவா?" என்றாள்.

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க தூக்கச் சொன்னீங்கன்னுதானங்கய்யா தூக்குனாங்க. சிரிச்சவரக்கூட அதட்டுனீங்க. அத மட்டும் கோர்ட்டுல சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அவரு நல்லவருன்னுகூடச் சொல்ல வேண்டாம். நடந்தத சொன்னாப் போதும்."

"சொல்றேம்மா. கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன். அப்போது அதை நிஜமாகவே நினைத்துச் சொன்னேன். எனக்காக இந்த ஒன்றையாவது சொல்லிக்கொள்கிறேன்.

விசாரணைக்கு முதல் நாள் சபாபதி சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"ஒங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேங்க. இந்தப் படத்தச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்."

நன்றி சொன்னேன்.

"கோர்ட்டுல ஆளுங்கள நிறுத்தி வச்சீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னீங்கன்னா, அப்புறம் நம்ம பேப்பர்ல வர்ற எந்தப் படத்த யாருங்க நம்புவாங்க? 'நான் போனபோது அப்படித்தான் நின்றார்கள்.' இவ்வளவுதாங்க. ஒரே வரி. எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன்.

"'போனபோது'ங்க. 'போய்ப் பார்த்தபோது' இல்ல. சின்னதா இருக்கட்டும்" என்றார். இரண்டாம் தடவை சரியாகச் சொன்னேன். நெகடிவ் எங்கே என்று கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "ஆபீஸ் சொத்து பாருங்க" என்றார்.

கோர்ட்டில் கூண்டுக்கு எதிரே ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். பாக்கியம் உள்ளேதான் இருந்தாள். விசாரணை தொடங்கியதும் குழந்தை அழுதது. வாசலில் நின்ற கோர்ட்டு டவாலி அவளை வெளியே அனுப்பிவிட்டார். அரசு வக்கீல் படத்தைக் காட்டி நான் எடுத்ததா என்றார், ஆமாம் என்றேன். கையில் இருப்பது அரிவாளா என்றார். கருக்கரிவாள் என்றேன். "அரிவாளா இல்லையா, அதச் சொல்லுங்க." ஆமாம் என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர். தொழிலாளர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் ஒரு கருக்கரிவாளையே துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீதிபதியிடம் கொடுத்தார். நீதிபதி வேறு ஜில்லாக்காரர். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கூர்மையாத்தான இருக்கு?" என்றார். சிலர் சிரித்தார்கள். வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"அரிவாள அவங்களா தூக்கினாங்களா, இல்ல யாராவது தூக்கச் சொன்னாங்களா?"

வைரக்கண்ணு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற ஆறு பேர் தரையைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் கோபமில்லை. நான் வந்துவிட்டேன், இனி சரியாகிவிடும் என்பது மாதிரி இருந்தது. தெளிவான குரலில் சொன்னேன்.

"நான் போனபோது அப்படித்தான் நின்றார்கள்."

கூண்டில் எழுத்துத் தமிழில் பேசிய ஒரே சாட்சி நானாகத்தான் இருப்பேன். வக்கீல் இன்னொரு தடவை வேறு மாதிரிக் கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

வெளியே வந்தால் வராந்தா ஓரத்தில் பாக்கியம் நின்றாள். குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது. உள்ளே நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை.

"சொல்லிட்டீங்களாய்யா?"

வேறு பதில் சொல்ல நேரம் இருந்தது. கோர்ட்டுக்குள் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. சபாபதி சார் பக்கத்தில் இல்லை. ஒருவரும் என்னை மிரட்டவில்லை.

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

குழந்தை எழுந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வேகவைத்த பனங்கிழங்கு. "பசியோட வந்திருப்பீங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து தின்றேன். தின்றேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். நல்ல பசி.

மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமானது. முப்பத்தோரு வருடம் அதே நாளிதழில் இருந்தேன். எத்தனையோ மந்திரிகளுக்கு இரண்டாம் தடவை மாலை போடவைத்தேன். அந்தப் படத்துக்கு ஒரு பரிசு வந்தது. கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, 'எந்தக் கணத்தில் அழுத்தியிருக்கிறார் பாருங்கள்' என்று பாடம் நடத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று அடக்கமாகப் புன்னகை செய்தேன். இப்போது மலரின் அட்டையில் 'உண்மையின் சாட்சி' என்று தலைப்புக் கொடுத்துப் போடப்போகிறார்களாம். போடுங்கள். ஆனால் இந்தக் கட்டுரையையும் ஓர் எழுத்து வெட்டாமல் போடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும் என்றால், அட்டையில் ஏதாவது ஒரு கோபுரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

யுத்தப் படத்தின் கடைசியில் கதாநாயகன் கேமராவை ஆற்றில் வீசுகிறான். அரங்கமே விம்மியது. கேமராவை வீசினால் என்ன ஆகிவிடும்? நானும் என் கேமராவைப் பத்துத் தடவை வீசியிருக்கலாம். கேமரா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான்.

தீர்ப்பு நாளன்று சபாபதி சார் என்னைத்தான் அனுப்பினார். கைதிகளை வண்டியில் ஏற்றும்போது ஒரு படம் வேண்டும் என்றார். ஆறு பேருக்கு ஒவ்வொரு வருடம். வைரக்கண்ணுவுக்கு ஏழு. முன்கூட்டியே ஆயுதங்களுடன் திரண்டதற்குப் படமே ஆதாரம் என்று தீர்ப்பில் வாசித்தார்கள். வெளியே வேன் நின்றது. இரண்டிரண்டு பேராக விலங்கு போட்டு நடத்திவந்தார்கள். நான் வேனின் படிக்குப் பக்கத்தில் கேமராவின் மேல்மூடியைத் திறந்து குனிந்து நின்றேன். அந்தக் கேமராவில் ஒரு வசதி, எடுக்கும்போது எதிரே இருக்கிறவரின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை.

பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. புருஷனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கும். என்னைக் கையால் காட்டினாள்.

"போட்டாக்கார அய்யா நம்ம பக்கம் சொல்லித்தான் பாத்தாரு. இவங்கதான் எடுத்துக்கல. அவர ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் நிமிர்ந்துவிட்டேன். வைரக்கண்ணு படியில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தான். போலீஸ்காரர் ஏறச் சொல்லி முதுகில் கை வைத்தார். இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவன் அவளைப் பார்த்தான், தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தான்.

"ஆமா புள்ள, சொன்னாரு" என்றான். "எங்காதால கேட்டேன்."